ஈப்போவிலிருந்து வந்த ஆறு கூடுகள்

கும்பகோணத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மகளுக்கு இப்போது எட்டாம் மாதம். போன மாதம் வளைகாப்புக்கு மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த சம்பந்தி அம்மாள், சிவப்பு வெல்வெட் விரித்த பெட்டியில், சமைத்துச் சாப்பிடும் ஆறு பறவைக்கூடுகளைக் கொடுத்து, "வாரம் இரண்டு முறை கொடுங்கள், பிள்ளை சிவப்பாகவும் பலமாகவும் பிறக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பெட்டி அன்று முதல் பீரோவின் மேல் இருக்கிறது. அசல்தானா, எப்படிச் சமைப்பது, எங்கே வைப்பது, இரண்டு கூடுகளில் தெரியும் கரும்புள்ளி என்ன, சைவரான மாமனார் இருக்கும் வீட்டில் இதை அடுப்பில் ஏற்றலாமா, தம்பி சொல்வதுபோல் இந்தப் பறவைக்கு வீடு கட்டினால் நம் ஊரில் காசு பார்க்கலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். எனக்கென்னவோ இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு கேள்வி இருப்பதாகத் தோன்றுகிறது: கொடுக்காவிட்டால் சம்பந்தி மனம் கோணுமே, கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காவிட்டால் உங்கள் மகளுக்கோ பிள்ளைக்கோ எந்தக் குறையும் வராது. மகள் இதற்கு முன் இதைச் சாப்பிட்டுப் பழகியவர் என்றால், மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அளவாகக் கொடுக்கலாம். இதுவரை நாக்கில் பட்டதே இல்லை என்றால், எட்டாம் மாதம் புதிதாக ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் காலம் இல்லை. ஒழுங்காக வைத்திருந்தால் கூடு கெடாது. பிரசவம் முடிந்து சில மாதம் கழித்துச் சாப்பிடலாம். சம்பந்தி அம்மாளிடமும் அப்படியே சொல்லுங்கள். அவர்கள் ஊரில் பிரசவத்துக்குப் பிறகு சாப்பிடும் வழக்கமும் உண்டு.

நான் மருத்துவன் அல்லன். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். என் தந்தையார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். நான் விமானத்தில் போனேன், வித்தியாசம் அவ்வளவுதான். அங்கே ஒரு சீனரின் மொத்த வியாபாரக் கடையில் மூட்டை தூக்கச் சேர்ந்து, கூடு சுத்தம் செய்யும் அறைக்குப் பொறுப்பாளாகி, தரம் பிரிக்கும் மேசையில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். எந்தக் கூடு, எந்த மாதிரி, ஈரம் எவ்வளவு என்பதைக் கையில் எடுத்தால் ஓரளவு சொல்லிவிடுவேன். அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதில் மற்றவர்கள் ஆராய்ந்து சொன்னதை மட்டுமே சொல்ல முடியும். படத்தை வைத்து அசலா போலியா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்கிறவர் இருந்தால் அவர் உங்களிடம் ஏதோ விற்கப் போகிறார்.

முதலில் இது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் வயல்வெளியில் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான் குருவியின் கூடு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இது உழவாரன் இனம். உழவாரன்கள் கம்பியில் உட்காராது. அவற்றின் கால் செங்குத்தான சுவரைப் பற்றித் தொங்கத்தான் உதவும். நம் பக்கத்துப் பனைமரங்களில் காய்ந்து தொங்கும் ஓலையை அண்ணாந்து பார்த்தால், அடிப்பக்கம் சின்னக் கிண்ணம்போல் ஒன்று ஒட்டியிருக்கும். பனை உழவாரன் பஞ்சையும் இறகையும் தன் எச்சிலால் ஒட்டிக் கட்டியது. கோயில் கோபுரங்களில் கூட்டமாகக் கிறீச்சிட்டுப் பறக்கும் நாட்டு உழவாரனும் வைக்கோலையும் இறகையும் அதே எச்சில் பசையால்தான் ஒட்டுகிறது. தென்கிழக்காசியாவில் இருக்கும் ஓர் உழவாரன் மட்டும் பஞ்சு, வைக்கோல் எதுவும் இல்லாமல் எச்சிலை மட்டுமே நூல் நூலாக இழுத்து, சுவரில் அரைக்கிண்ணமாகக் கட்டிவிடுகிறது. ஒரு கூடு முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பறவையின் எடை 15 கிராம் அளவில்தான். அது கட்டும் கூடு ஏறக்குறைய அதில் பாதி. இதன் நெருங்கிய உறவான இன்னொரு உழவாரன் தன் எச்சிலோடு நிறைய இறகையும் சேர்த்துக் கட்டும். அதற்குக் கருப்புக் கூடு என்று பெயர். விலை குறைவு, சுத்தம் செய்யும் வேலை பல மடங்கு.

முன்பு போர்னியோவில் நியா, கோமாந்தோங் போன்ற பெரிய குகைகளில் பிரம்பு ஏணியில் ஏறிப் பறித்தார்கள். இப்போது சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு வீட்டுக்கூடு. ஜன்னல் இல்லாத மூன்று நான்கு மாடிக் கட்டடம் எழுப்பி, பறவையின் குரலை ஒலிபெருக்கியில் பாடவிட்டு, உள்ளே இருட்டும் ஈரமுமாக வைத்தால் பறவை தானே வந்து தங்கும். இருட்டில் நாக்கைச் சொடுக்குவதுபோல் ஓசை எழுப்பி, எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கும். இந்தோனேசியாதான் அதிகம் விளைவிக்கிறது, அடுத்து மலேசியா. நம் பழைய கடாரமான கெடாவிலும் இப்படிப்பட்ட கட்டடங்கள் நிற்கின்றன. பெரிதாக வாங்குவது சீனாவும் ஹாங்காங்கும்.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம். ஒரு கூட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிப்பக்கம் மெல்லிய இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிவரியாக ஓடியிருக்கும். நடுவே வெளிச்சம் மங்கலாக ஊடுருவும். உட்பக்கம் காய்ந்த பீர்க்கங்கூட்டைப் போல வலைப்பின்னல் இருக்கும். சுவரில் ஒட்டியிருந்த இரண்டு முனைகளும் கெட்டியாக, கட்டியாக இருக்கும். நிறம் தந்தம்போல, சில இடத்தில் கொஞ்சம் மஞ்சளாக, ஒரே சீராக இல்லாமல் இருக்க வேண்டும். ஆறு கூடுகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு, ஒரே வெள்ளை என்றால் எனக்குச் சந்தேகம் வரும். அச்சில் வைப்பது அங்கே சாதாரண வேலைதான். சுத்தம் செய்யும்போது பிரிந்த இழைகளை மறுபடி அச்சில் வைத்து உலர்த்துகிறார்கள், அது மோசடி இல்லை. ஆனால் காகித வெள்ளை என்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வெளுப்பான் தொட்ட அடையாளம்.

அடுத்தது காது. ஒரு ஓரத்தை மெதுவாக ஒடித்தால் நன்றாகக் காய்ந்த அப்பளம்போல் நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. எங்கள் கடைக்குச் சரக்கு கொண்டுவருகிறவர்களில் சிலர் எடை கூட்ட முதல் நாள் இரவே தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவார்கள். இன்னும் துணிந்தவர்கள் சர்க்கரைப் பாகில் முக்கி உலர்த்துவார்கள். நாக்கு நுனியில் வைத்தால் இனிக்கும். அசல் கூட்டில் இனிப்பும் இல்லை, உப்பும் பெரிதாக இல்லை. எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, பேரம் பேசும்போது பேச்சோடு பேச்சாக ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார். அதற்குமேல் விலை தானாக இறங்கும்.

பிறகு மூக்கும் தண்ணீரும். உடைந்த ஒரு சின்னத் துண்டை வெள்ளைக் கிண்ணத்தில் போட்டுக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி நான்கு மணி நேரம் விடுங்கள். அசல் என்றால் இழை இழையாகத் தளர்ந்து, ஊறிய சேமியாவைப் போல் கண்ணாடி நிறத்துக்கு வரும். விரலால் இழுத்தால் கொஞ்சம் நீண்டு பிறகு அறும். எடையில் ஐந்தாறு மடங்கு ஆகும். தண்ணீர் ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும். பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போல ஒரு வாடை வரும். சிலருக்கு அது மழையில் நனைந்த பழைய சுவர் வாடைபோல் படும். தண்ணீர் கலங்கிக் கொழகொழப்பானாலோ, சிவப்போ மஞ்சளோ கரைந்து இறங்கினாலோ, ரசாயன நெடி அடித்தாலோ வைக்க வேண்டாம். போலி செய்கிறவர்கள் எடுக்கும் பொருள்களில் இரண்டு நமக்குப் பழக்கமானவையே. ஒன்று மரப்பிசின், நீங்கள் ஜிகர்தண்டாவுக்கு ஊறவைக்கும் பாதாம் பிசின் கட்டிகட்டியாக எப்படிப் பொங்குகிறதோ அப்படிப் பொங்கும், இழை இருக்காது. இன்னொன்று கடல்பாசி, நோன்புக் காலத்தில் நாகூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சுவார்களே, அந்தக் குடும்பம். கொதிக்கவைத்தால் முழுதாகக் கரைந்து, ஆறினால் உறைந்துவிடும். கூடு கரையவும் கரையாது, அப்படிக் கெட்டியாக உறையவும் உறையாது. ஒரு துணுக்கைக் கொளுத்தினால் முடி கருகும் நாற்றம் வர வேண்டும், ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் புரதம். பிசினும் பாசியும் அந்த நாற்றம் தராது. ஆனால் பன்றித்தோலிலோ ஜெலட்டினிலோ செய்த போலி இந்தச் சோதனையில் தேறிவிடும். ஆகவே வீட்டுச் சோதனை எல்லாம் மட்டமான போலியைத்தான் பிடிக்கும். அசல் கூட்டிலேயே கொஞ்சம் பிசின் தடவி எடை கூட்டியிருந்தால் ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ஈப்போவில் இருப்பவர் ஈப்போவிலேயே தெரிந்த கடையில் வாங்கியிருந்தால் அதுதான் என் கணக்கில் நல்ல சான்று. நம் ஊரில் யாரோ கொண்டுவந்து விற்றதை வாங்கியிருந்தால் நான் இவ்வளவு அமைதியாக எழுதமாட்டேன்.

முழுக் கிண்ணத்துக்கு ஒரு விலை, உடைந்த துண்டுக்கு அதில் பாதி, மூலைக்கட்டிக்கு அதைவிடக் குறைவு. உள்ளே போகும் பொருள் ஒன்றுதான். முழுக் கிண்ணத்துக்குக் கொடுக்கும் அதிகப் பணம் வெல்வெட்டுக்கும் மரியாதைக்கும் போகிறது. நாங்கள் வேலை பார்த்தவர்கள் யாரும் முழுக் கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டதில்லை. விலை ஏன் இவ்வளவு என்று கேட்டால், அந்தச் சுத்தம் செய்யும் அறையைத்தான் சொல்வேன். நீள மேசை, தலைக்கு மேல் குழல்விளக்கு, ஆளுக்கொரு வெள்ளை எனாமல் தட்டு, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு இடுக்கி. ஊறித் தளர்ந்த கூட்டைத் தட்டில் பரப்பி, இழைக்குள் புகுந்திருக்கும் மயிரிழை இறகை ஒவ்வொன்றாகக் கிள்ளி, தண்ணீரில் இடுக்கியை அலசி, மறுபடி கிள்ளுவார்கள். கைதேர்ந்த பெண் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்தாலும் பத்துக் கூடு முடிப்பது பெரிய காரியம். ஒரு கிலோவுக்கு நூறுக்கு மேல் கூடு வேண்டும். சில ஆண்டுகளில் அவர்களுக்குக் கண் போய்விடும், கழுத்து பிடித்துக்கொள்ளும். "இறகே இல்லாமல் வேண்டும்" என்று வாடிக்கையாளர் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கழுத்துகள்தான் நினைவுக்கு வரும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்புக் கூடு என்று ஒன்று தனி விலைக்கு விற்கிறது. பறவை எச்சில் தீர்ந்து இரத்தம் கக்கிக் கட்டியது என்று கதை சொல்வார்கள். பொய். அடியில் குவிந்த எச்சத்திலிருந்து கிளம்பும் நைட்ரைட் என்ற வேதிப்பொருளின் ஆவி, சூடும் ஈரமும் உள்ள இடத்தில் வெள்ளைக் கூட்டிலேயே ஏறி அதைச் சிவப்பாக்குகிறது என்று ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார்கள். வியாபாரிகள் சிலர் இதை ஆராய்ச்சிக்கு முன்பே கண்டுபிடித்து, எச்சத்தின் மேல் கூட்டை அடுக்கிப் பழுக்கவைத்து வந்தார்கள். 2011இல் சீனாவில் சிவப்புக் கூடுகளில் நைட்ரைட் மிக அதிகமாக இருப்பது தெரியவந்து, மலேசியக் கூடுகளுக்கே தடை விழுந்தது. விலை ஒரேயடியாகச் சரிந்தது. எங்கள் தெருவில் இரண்டு கடைகள் மூடின. அதன் பிறகு கிலோவுக்கு 30 மில்லிகிராம் நைட்ரைட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வந்தது. வெள்ளைக் கூட்டிலும் கொஞ்சம் இருக்கும்; அது தண்ணீரில் கரையக் கூடியது என்பதால் ஊறவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிடுவது நல்லது. "சத்து போய்விடும், அந்தத் தண்ணீரிலேயே காய்ச்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் கொட்டுகிற கட்சி. கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் சிவப்புக் கூட்டைப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம்.

வைத்துக்கொள்வதில் ஈப்போவின் பழக்கம் நம் ஊருக்கு ஒத்துவருமா என்றால், ஏறக்குறைய வரும். அங்கும் புழுக்கம், இங்கும் புழுக்கம். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் துணியே நான்கு நாள் காயாதபோது கூடு மட்டும் காய்ந்தபடி இருக்காது. பீரோவின் மேல் திறந்த பெட்டி சரிப்படாது. பீரோவுக்குள் என்றால் இன்னும் மோசம். பூச்சி உருண்டை, கற்பூர வாடையெல்லாம் கூட்டில் ஏறிவிடும், எத்தனை முறை கழுவினாலும் போகாது. வெல்வெட்டும் ஈரத்தை இழுக்கும். கூடுகளை வெளியே எடுத்து, வளைகிற மாதிரி இருந்தால் மின்விசிறிக் காற்றில், நிழலில், ஒரு தட்டில் பரப்பி அரை நாள் விடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், வெடித்துப் பொடியாகும். நொறுங்கும் பதம் வந்ததும் நன்றாக உலர்ந்த கண்ணாடி ஜாடியில் போட்டு, புதுச் செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் உணவுக்கென விற்பது இரண்டு போட்டு, இறுக மூடி ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வையுங்கள்.

ஃபிரிட்ஜை நம்பி நானே ஏமாந்த கதை ஒன்று உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது என்னிடம் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த கூடுகள் கொஞ்சம் இருந்தன, வெறும் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரிட்ஜுக்குள். தென்னை விழுந்த கணக்கு, ஓடு பறந்த கணக்கு பார்ப்பதற்கே நாள் போதவில்லை. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. யாருக்கு ஃபிரிட்ஜைத் திறக்கத் தோன்றும்? திறந்தபோது உள்ளே சுவரெல்லாம் வியர்த்திருந்தது. பையிலிருந்த கூடுகள் தொட்டால் ஈர அட்டைபோல் வளைந்தன, நான்கில் பச்சைப் பூஞ்சை. அத்தனையையும் தென்னங்குழியில் போட்டேன். ஜாடியில் இருந்திருந்தால் தப்பித்திருக்கும். இன்னொன்று, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜாடியை உடனே திறக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வரட்டும். இல்லையென்றால் குளிர்ந்த கூட்டின் மேல் நம் ஊர்க் காற்று பனியாக இறங்கும். இப்படி வைத்தால் இரண்டு ஆண்டு வரை கவலையில்லை. நாளாக ஆக மஞ்சள் கூடும். அது கெட்டதற்கு அடையாளம் இல்லை. பூஞ்சை ஓர் இடத்தில் கண்டாலும் அந்தக் கூடு முழுவதும் குப்பைக்கு. கிள்ளிவிட்டு மிச்சத்தைச் சமைப்பது இவ்வளவு விலை கொடுத்தவர்கள் எல்லோரும் செய்யும் தவறு.

சமையல் மிக எளிது, அதைக் கடினமாக்கிப் பேசுவது கடைக்காரர்கள். ஆளுக்கு 3 அல்லது 4 கிராம் போதும், அதாவது அரைக்கூடு. வீட்டுக்கூடு என்றால் நான்கு மணி நேரம், குகைக்கூடு என்றால் இரவு முழுக்க ஊறவையுங்கள். இழை பிரித்து, இறகு கிள்ளி, வடிகட்டியில் இரண்டு முறை அலசுங்கள். மூடியுள்ள பீங்கான் கிண்ணத்தில் போட்டு, மூழ்கும் அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டு, இட்லிப் பானைக்குள் வைத்து ஆவியில் வேகவிடுங்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் அடிபிடிக்கும், கிளறினால் இழை போய்விடும். 30 நிமிடம் கழித்துப் பார்த்தால் நுரை கட்டி, இழைகள் மேலே எழும்பி, வாடை மாறியிருக்கும். அப்போது பனங்கற்கண்டு ஒரு துண்டு போட்டு இன்னும் ஐந்து நிமிடம். இனிப்பை முதலிலேயே போட்டால் இழை சரியாக மெத்தென்று ஆவதில்லை என்பது எங்கள் சமையற்கட்டின் அனுபவம். வாடை பிடிக்காதவர்கள் ஒரு துண்டு ரம்பை இலையோ ஒரு சில்லு இஞ்சியோ போடலாம். சுவை என்று தனியாக ஒன்றும் இல்லை. வழுக்கை இளநீரின் இளந்தேங்காயை நூலாகக் கீறியதுபோல் நாக்கில் வழுகும், அவ்வளவே. வெந்ததை ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். மின்சாரம் விட்டுவிட்டு வரும் நாளில் அன்றன்றைக்குச் செய்வதே நல்லது.

இப்போது, சாப்பிட்டால் என்ன ஆகும்? உறுதியாகத் தெரிந்தது இது: காய்ந்த கூட்டில் பாதிக்கு மேல் புரதம், கால்பங்குக்கு மேல் மாவுச்சத்து வகை, அதில் சியாலிக் அமிலம் என்ற ஒன்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, கொழுப்பு மிகச் சொற்பம். ஒரு வேளைக்குப் போடும் 4 கிராமில் 2 கிராம் சொச்சம் புரதம் கிடைக்கும். ஒரு கோழிமுட்டையில் 6 கிராம் இருக்கிறது. சந்தேகத்துக்குரியது மிச்சம் எல்லாம். தோல் பளபளப்பு, நுரையீரல் பலம், எதிர்ப்புச் சக்தி, பிள்ளையின் மூளை வளர்ச்சி என்று பெட்டியில் அச்சடித்திருப்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் ஆய்வகக் கண்ணாடிக் குழாயிலும் எலியிலும் பார்த்தவை. மனிதர்களிடம், அதிலும் கர்ப்பிணிகளிடம், நிரூபித்துக் காட்டியது என்று சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பது நம் ஊர்க் குங்குமப்பூக் கதையின் மலேசியத் தம்பி. பிள்ளையின் நிறம் உங்கள் வீட்டிலிருந்தும் சம்பந்தி வீட்டிலிருந்தும் ஏற்கெனவே வந்தாகிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடுகிறாரா என்று பாருங்கள்; அந்த இடத்தை இந்தக் கூடு பிடிக்காது. மகளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் கற்கண்டு பாகில் வேகவைப்பது தொல்லைதான். பாட்டிலில் அடைத்து வருவதும் அப்படியே. பெரும்பகுதி சர்க்கரைத் தண்ணீர், கூடு எத்தனை விழுக்காடு என்று பொடி எழுத்தில் பின்னால் இருக்கும்.

நான் உண்மையில் அஞ்சுவது ஒவ்வாமைக்கு. 1990களில் சிங்கப்பூரில் ஒரு பெரிய மருத்துவமனையில், உணவால் கடுமையான ஒவ்வாமை வந்து மூச்சுத் திணறலோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளைக் கணக்கெடுத்தபோது முதலிடத்தில் இருந்தது பறவைக்கூடு, வேர்க்கடலைகூட இல்லை. இத்தனைக்கும் அது தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடும் ஊர். எங்கள் அறையிலேயே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு, சுத்தம் செய்த கையோடு முகத்தைத் துடைத்ததில் கண்ணிமை இரண்டும் பணியாரமாக வீங்கிப்போனது. அன்றோடு அவளை மூட்டை கட்டும் பகுதிக்கு மாற்றினோம். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், ஏற்கெனவே ஏதாவது உணவால் தடிப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். பிறந்த பிள்ளைக்குத் தேனில் குழைத்து நாக்கில் தடவுகிறேன் என்று யாராவது கிளம்பினால் பெட்டியை ஒளித்துவைத்துவிடுங்கள். கூடும் வேண்டாம், ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம். பெரியவர்கள் முதல்முறை சாப்பிடுவதானால் ஒரு தேக்கரண்டி, பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது. உதடு, நாக்கு வீங்கினாலோ, உடம்பு தடித்தாலோ, மூச்சு முட்டினாலோ மோர் கொடுத்துப் பார்க்காமல் 108ஐ அழையுங்கள்.

மாமனார் விஷயம்: இது சைவம் இல்லை. பால்போல உடம்பிலிருந்து சுரப்பதுதானே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. முட்டையும் குஞ்சும் கூட்டில் இருக்கும்போதே பறிக்கிறவர்களும் உண்டு என்பதால் அந்த வாதத்தை நான் அவரிடம் கொண்டுபோகமாட்டேன். குஞ்சு பறந்த பிறகு எடுப்பதுதான் ஒழுங்கான முறை, எல்லோரும் அதைச் செய்வதில்லை. தனிக் கிண்ணம், தனிப் பானை வைத்துக்கொண்டு அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இதே கேள்வியைக் கூத்தாநல்லூர் முஸ்லிம் நண்பர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள். இந்தோனேசிய உலமா மன்றம் 2012இல், அசுத்தம் நீங்கக் கழுவினால் ஹலால் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் போலியில் பன்றித்தோல் வரக்கூடும் என்பதால் ஹலால் முத்திரை பார்த்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

தம்பியின் யோசனைக்குக் கடினமாகவே சொல்கிறேன், பணத்தைப் போட வேண்டாம். அந்தப் பறவை காவிரிச் சமவெளியில் இல்லை. இல்லாத பறவையை ஒலிபெருக்கி கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்தான் வருவார். இந்தியாவில் அந்தமானில் இருக்கிறது. அங்கே வெறிபிடித்ததுபோல் பறித்ததில் பறவை அருகிப்போய், 1999 முதல் கோவை சலீம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன் வனத்துறையோடு சேர்ந்து, முன்பு கூடு பறித்தவர்களையே காவலுக்கு வைத்துக் காப்பாற்றினார். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் நம் சொந்த உழவாரன் பாசியும் இறகும் கலந்து கட்டும். எதுவானாலும் காட்டுப்பறவையின் கூட்டில் கை வைப்பது வனத்துறையின் சட்டத்துக்குள் வரும். கோபுரத்து நாட்டு உழவாரனின் கூட்டைப் பறிக்கலாமா என்றும் கேட்டிருந்தார் தம்பி. அது வைக்கோல்.

கடைசியாக அந்தக் கரும்புள்ளி. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். இழைக்குள் செருகியதுபோல் மெல்லிய கோடாக இருந்து, ஊறியதும் ஊசிமுனையில் தனியாக எழுந்து வந்தால் அது இறகு. கிள்ளி எடுத்துவிட்டுச் சமைக்கலாம், அசல் என்பதற்கு ஒரு சின்னச் சாட்சியும்கூட. வட்ட வட்டமாக, மேலே பஞ்சு படர்ந்ததுபோல், தொட்டால் விரலில் பொடி ஒட்டி, மூடிய மச்சு வாடை அடித்தால் அது பூஞ்சை. அந்த இரண்டு கூடுகளை மட்டும் இன்றே மற்ற நான்கிலிருந்து பிரித்துவிடுங்கள்.